தன் பாட்டே கேட்காத பாடகர்

இங்கிலாந்தில் லிவர்பூல் என்று ஒரு துறைமுக நகரம். அங்கே 1940-ம் ஆண்டு அக்டோபர் 9-ந்தேதி பிறந்தவர் ஜான் லெனன். தந்தை கப்பல் தொழிலாளி. அவர் வீட்டில் இருந்த நாட்கள் குறைவு. ஜான் வளர்ந்தது பெரியம்மா வீட்டில்.

ஆனாலும், இசையில் முதல் பாடம் சொல்லிக் கொடுத்தவர் தாய் ஜூலியாதான். பாஞ்சோ என்ற நரம்புக் கருவியை மகனுக்கு வாசிக்கக் கற்றுக் கொடுத்தார். 1958-ல் கார் மோதி அந்தத் தாய் இறந்து போனார். அப்போது ஜானுக்கு வயது 17.

நான்கு பேர்

பள்ளித் தோழர்களைச் சேர்த்து ஜான் ஒரு இசைக்குழு அமைத்திருந்தார். அதில் பால் மெக்கார்ட்னி சேர்ந்தார். பிறகு ஜார்ஜ் ஹாரிசன் வந்தார். 1962-ல் டிரம் வாசிக்க ரிங்கோ ஸ்டார் வந்தார். இவர்கள்தான் உலகப் புகழ் பெற்ற "பீட்டில்ஸ்" குழுவினர்.

அந்த ஆண்டில் அவர்கள் பயன்படுத்திய கிதார் ஆம்ப்ளிபயரின் சக்தி 30 வாட். சின்ன அரங்குகளுக்கு அது போதும்.

புகழ் வந்தது. கூடவே கூச்சலும் வந்தது! மேடையில் இவர்களைக் கண்டதுமே இளம் பெண்கள் அலறுவார்கள். பாட்டு முடியும் வரை அலறல் ஓயாது. வாக்ஸ் கம்பெனி 50 வாட் ஆம்ப்ளிபயர் செய்து கொடுத்தது. அதுவும் போதவில்லை. 100 வாட் வந்தது.

ஷே மைதானத்தில்

1965 ஆகஸ்டு 15-ந்தேதி நியூயார்க் ஷே மைதானத்தில் கச்சேரி. 55 ஆயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். விமானம் பறப்பது போன்ற இரைச்சல். ஒலிபெருக்கிகள் எல்லாம் ரசிகர்களைப் பார்த்து இருந்தன. பாடுகிறவர்களைப் பார்த்து ஒன்றுகூட இல்லை!

ரிங்கோவுக்குக் கிதார் கேட்கவில்லை. முன்னால் நிற்பவர்களின் உடல் ஆடுவதைப் பார்த்தே தாளம் போட்டார். ஜானின் நிலைமை இன்னும் பரிதாபம். அவருக்குக் கிட்டப்பார்வை. அந்தக் காலத்தில் மேடையில் கண்ணாடி அணிய மாட்டார். எதிரே உள்ள கூட்டமும் சரியாகத் தெரியாது. தம் குரலும் கேட்காது. கடைசிப் பாட்டில் ஆர்கன் கட்டைகளை முழங்கையால் தேய்த்துவிட்டுச் சிரித்தார். சரியாக வாசித்தாலும் யார் கேட்கப் போகிறார்கள்?

1966-ல் ஜப்பான் சென்றார்கள். டோக்கியோ ரசிகர்கள் ஓரளவு அமைதியாக இருந்தார்கள். அப்போதுதான், தாங்கள் சுருதி விலகிப் பாடுவது நால்வருக்கும் தெரிந்தது. பல மாதங்களாகக் காதில் விழாத பிழை அது.

கச்சேரிக்கு முழுக்கு

1966 ஆகஸ்டு 29-ந்தேதி சான்பிரான்சிஸ்கோவில் 11 பாட்டுப் பாடினார்கள். அதோடு ஊர் ஊராகப் போவதை நிறுத்திக் கொண்டார்கள். மதம் பற்றி ஜான் சொன்ன ஒரு கருத்தால் அமெரிக்காவில் எழுந்த மிரட்டலும் இதற்கு ஒரு காரணம். என்றாலும், தன் பாட்டைத் தானே கேட்க முடியாத தொழிலில் எந்தப் பாடகர்தான் நீடிப்பார்?

பிறகு ஒலிப்பதிவுக் கூடமே கதி. அங்கே காதில் ஹெட்போன் உண்டு. ஒவ்வொரு சுருதியும் கேட்கும். வேடிக்கை என்னவென்றால், ஜானுக்குத் தம் குரல் பிடிக்காது! அதை மாற்றித் தரும்படி என்ஜினீயர்களை நச்சரிப்பார். ஒரே குரலை இரண்டாகக் கேட்கச் செய்யும் முறையை 1966-ல் கென் டவுன்செண்ட் என்ற என்ஜினீயர் கண்டுபிடித்தது அவருக்காகத்தான்.

1980 டிசம்பர் 8-ந்தேதி, நியூயார்க்கில் தம் வீட்டு வாசலில் ஜான் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 40.

காதுக்குள் வந்தது

பாடகரின் காலடியில் சாய்த்து வைக்கும் ஒலிபெருக்கிகள் 1960-களின் கடைசியிலிருந்து பரவின. அவற்றின் ஒலி மைக்கில் புகுந்து, சில சமயம் ஊளையிடும். 1980-களில்தான், காதுக்குள் பொருத்தும் சிறு கருவிகள் மேடைக்கு வந்தன. இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குக் கம்பியில்லாமல் ஒலி வரும். பாடகருக்குத் தம் குரல் வேண்டுமா? டிரம் வாசிப்பவருக்குக் கிதார் வேண்டுமா? அவரவர் கேட்டபடி கலந்து அனுப்பலாம். வெளிச்சத்தம் பெருமளவு அடைபட்டு விடும். ஆம்ப்ளிபயர் பெட்டியே இல்லாத மேடைகள் இப்போது உண்டு.