உராய்வின் வெப்பத்தை அளந்த ஜூல்: அச்சில் நீக்கப்பட்ட முடிவு

உராய்வில் செலவாகும் வேலை அழிவதில்லை, வெப்பமாக மாறுகிறது என்பதை அளந்து நிறுவியவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல். 1818 டிசம்பர் 24 அன்று சால்ஃபோர்டில் பீர் ஆலை உரிமையாளரின் மகனாகப் பிறந்தார். வேதியியலாளர் ஜான் டால்டனிடம் பயின்றார். பேராசிரியர் பதவி எதையும் வகித்ததில்லை.

வெப்பம் என்பது அழியாத ஒரு பாய்மம் என்றே அக்காலத்தில் பலர் கருதினர். ஜூல், இறங்கும் எடைகளைக் கொண்டு நீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றினார். உராய்வால் நீர் சூடேறியது, அதுவும் மிகச் சிறிதளவே. ஒரு பவுண்டு நீரின் வெப்பநிலையை 1 டிகிரி ஃபாரன்ஹீட் உயர்த்த, 772 பவுண்டு எடை ஓரடி இறங்க வேண்டும் எனக் கணக்கிட்டார். பாதரசத்திலும் வார்ப்பிரும்பிலும் சோதித்தபோதும் ஏறக்குறைய அதே அளவே கிடைத்தது.

1847-இல் ஆக்ஸ்ஃபோர்டு கூட்டத்தில், பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சனின் கவனத்தை இந்த ஆய்வு ஈர்த்தது. ஆயினும் 1850-இல் ராயல் சொசைட்டி வெளியிட்ட கட்டுரையில், உராய்வு என்பதே இயக்கத்திறன் வெப்பமாக மாறுவதுதான் என்ற முடிவு, பரிசீலனைக் குழுவின் விருப்பப்படி நீக்கப்பட்டது.

1878-இல் மீண்டும் அளந்து 772.55 என்ற எண்ணை எட்டிய ஜூல், 1889 அக்டோபர் 11 அன்று சேல் நகரில் காலமானார். அவரது கல்லறையில் அந்த எண் பொறிக்கப்பட்டுள்ளது.