கண்டிச் சீமையும் ஜோர்ஜ் வோலும்

இந்துக் கல்லூரியொன்றின் பழைய மாணவர் மலரிலே கோப்பித் தோட்டத் துரையொருவரின் சரிதை எதற்கு என வினவுவாரும் உளராவர். மக்களிடம் அறவிட்ட பணத்தை அவர்தம் பிரதிநிதிகளின் சம்மதமின்றிச் செலவிடலாகாது என்னும் நியாயத்திற்காக இந்நாட்டில் முதன்முதற் பதவி துறந்தவர்களுள் அவர் ஒருவர். அவர் ஆக்கமும் வீழ்ச்சியும் கண்டது நமது கண்டி மலைநாட்டின் கோப்பித் தொழிலிலேயே.

1820ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் பிறந்த வோல், 1846இல் இலங்கை வந்தார். மறு ஆண்டே கோப்பியின் விலை சரிந்தது. அரசாங்கத்தின் வருவாயும் குறைந்தது. தோறிங்டன் தேசாதிபதி நாய்க்கும் துவக்கிற்கும் வரி விதித்தார். 1848இல் மாத்தளையிற் கலகம் மூண்டது. புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். கேளாமல் விதித்த வரி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் புதிதாக வந்த வோல் அண்மையிலிருந்தே கண்டிருத்தல் வேண்டும்.

1854இல் தோட்டத்துரைமார் சங்கம் கண்டியில் உருவாயிற்று. வோல் அதன் தலைவராகப் பலமுறை விளங்கினார். பின்னர்ச் சட்டநிரூபண சபையில் அங்கத்தவரானார். 1833இல் வகுக்கப்பட்ட அச்சபையில் உத்தியோகத்தர் ஒன்பதின்மர், உத்தியோகப் பற்றற்றவர் அறுவர். இலண்டன் மந்திரியின் கட்டளைக்கு மாறாக வாக்களிக்க உத்தியோகத்தருக்கு உரிமை இல்லை. ஆகவே வாதம் எத்துணைச் சிறந்ததாயினும் முடிவு முன்னரே எழுதப்பட்டதாகும்.

1864இல் இந்நிலை முற்றியது. இலங்கையில் நிறுத்தப்பட்ட படையின் செலவை இந்நாட்டு வருவாயே தாங்கவேண்டும் என இலண்டன் வற்புறுத்தியது. அப்போது நாட்டை நிருவகித்த ஓ'பிறையன் ஒரு படைத் தளபதி. படைக்கு வேண்டிய பணத்தைக் கேட்டவரும் சபைக்குத் தலைமை வகித்தவரும் அவரே! மலைநாட்டிற்கோ தெருக்களும் பாலங்களும் இன்றியமையாதனவாக இருந்தன. புகைவண்டிப் பாதை கண்டியை அடைய இன்னும் மூன்றாண்டுகள் இருந்தன. உத்தியோகப் பற்றற்றவர்களின் எதிர்ப்பு பெரும்பான்மையால் மடங்கடிக்கப்படவே, 1864 நவம்பர் 15ஆந் தேதி அவர்கள் ஒருசேரப் பதவி துறந்தனர். வோலுடன் பறங்கியர் பிரதிநிதியாகிய சாள்ஸ் அம்புரோஸ் லொறன்ஸும் முன்னின்றார். 1865இல் 'இலங்கைச் சங்கம்' தோன்றியது. வோல் அதன் தலைவர். பொதுப்பணத்தின்மீது சபைக்கு அதிகாரம் வேண்டுமென்பதே அதன் கோரிக்கை. றொபின்சன் தேசாதிபதி காலத்தில் சங்கம் தளர்ந்தது.

ஒன்றை மறைத்தல் கூடாது. மாத்தளைப் பாதையாற் கால்நடையாக வந்து தோட்டங்களை உண்டாக்கிய தமிழ்த் தொழிலாளர், இறக்குமதி அரிசியின் தீர்வை வழியாகத் தம் கூலியிலிருந்தே வருவாய்க்குப் பங்கு செலுத்தினர். அவர்களுக்காகப் பேச அச்சபையில் ஆசனம் இல்லை. சங்கத்தார் கேட்ட உரிமை பெரும்பாலும் தோட்டமும் வணிகமும் உடையாருக்கேயாம்.

ஆயினும் முதுமையில் வோலின் நோக்கு விரிந்தது. 1869இற் பரவத் தொடங்கிய இலைநோயாற் கோப்பி அழிந்தது. 1879இல் அவருடைய வணிக நிலையமும் வீழ்ந்தது. செல்வம் போனபின் எழுதுகோலை எடுத்தார். நெல்வரி செலுத்த இயலாத கண்டிச் சீமைக் குடியானவர்களின் வயல்கள் விற்கப்படலாயின. வலப்பனைப் பகுதியிற் குடிகள் பட்ட துயரம் பெரிது. அவ்வரியை எதிர்த்து அவர் ஓயாது எழுதினார். ஹவ்லொக் தேசாதிபதி காலத்தில், 1892இல், அது நீக்கப்பட்டது. எனது எண்ணத்தில், பதவி துறந்ததினும் இதுவே அவர் செய்த பெரும்பணி. இம்முறை அவர் காத்தது தம் வகுப்பாரின் பணப்பையை அன்று.

பன்னச் செடிகளிலும் அவருக்குப் பேரார்வம் உண்டு; இலங்கைப் பன்னங்களின் பட்டியலொன்றை 1873இல் வெளியிட்டார். 1894இல் இலண்டனிற் காலமானார். சட்டநிரூபண சபையில் உத்தியோகப் பற்றற்றவர் பெரும்பான்மை பெற்றது 1920ஆம் ஆண்டின் சீர்திருத்தத்தாலேயே. பொதுக் கணக்குக் குழு அமைந்தது அதற்கு அடுத்த ஆண்டில்.