கல்லைப் படிக்க வந்தவர் கலையைப் படித்தார்: கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

வட்டவளையிலும் ஹட்டனிலும் இன்று பல இளைஞர்களும் யுவதிகளும் கைபேசியை வைத்துக்கொண்டே இணையத்தள வடிவமைப்பு கற்கிறார்கள். சுவருக்கு வர்ணம் தீட்டுவதையும் திரைச்சீலை தைப்பதையும் வீட்டை அலங்கரிப்பதையும் அப்படியே பழகுகிறார்கள். இவர்களில் பெரும்பாலானோர் எந்தக் கலைக்கல்லூரியின் படியையும் மிதித்ததில்லை. சான்றிதழ் இல்லாமல் தானாகக் கற்றது உண்மையான படிப்பாகுமா என்ற கேள்வி வீட்டிலும் வருகிறது, வேலை தேடும் இடத்திலும் வருகிறது.

அந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையாலேயே பதில் சொன்ன ஒருவர் நம் மத்தியில் பிறந்தவர். உலகம் அவரைக் கலை வரலாற்றாசிரியராக அறியும். ஆனால் அவர் பல்கலைக்கழகத்தில் படித்தது கலை அல்ல. மண்ணும் கல்லும் தாவரமும்தான் அவர் பாடங்கள்.

ஆனந்த கென்டிஷ் குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்து குமாரசுவாமி, சட்டசபை உறுப்பினர், வழக்கறிஞர், அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் நாடகமாகத் தந்தவர். தாய் எலிசபெத் பீபி இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்தவர். பெயரின் நடுவில் நிற்கும் கென்டிஷ் அந்த மண்ணின் நினைவு. பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும் முத்து குமாரசுவாமியின் சகோதரி பிள்ளைகள். ஆனந்தருக்கு அவர்கள் அத்தை மக்கள்.

குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பு முன்பே, 1879இல், தந்தை காலமானார். பிள்ளை தாயோடு இங்கிலாந்தில் வளர்ந்தது. குளொஸ்டர்ஷயரில் உள்ள வைக்ளிஃப் பாடசாலையில் படித்த காலத்திலேயே அருகிலிருந்த குன்றின் மண்ணமைப்பைப் பற்றிப் பாடசாலைச் சஞ்சிகையில் கட்டுரை எழுதினார். அப்போது வயது பதினெட்டு. 1900இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்துப் பட்டம் பெற்றார்.

1902இல் எதெல் மேரி பார்ட்ரிஜ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டு இலங்கையின் கனிய வள ஆய்வுப் பணிக்குப் பொறுப்பாளரானார். தோரியனைட் என்ற கனிமத்தை 1904இல் உலகுக்கு அடையாளம் காட்டினார். இரத்தினக் கற்களுக்குப் பேர்போன பலாங்கொடைப் பக்கத்து மண்ணிலிருந்து வந்த அந்தக் கறுப்புக் கல் அக்காலத்து விஞ்ஞானிகளின் கவனத்தை ஈர்த்தது. 1906இல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. இத்தோடு நின்றிருந்தால் அவர் பெயர் கனிமவியல் நூல்களில் மட்டும் இருந்திருக்கும்.

கல் தேடிப் போகிறவர் கிராமத்துக்குள் போயே ஆக வேண்டும். கண்டிச் சீமையின் கிராமங்களில் அவர் கண்டது கல்லை மட்டுமல்ல. அரக்கு வேலை செய்பவர், பித்தளை வார்ப்பவர், பாய் பின்னுபவர், விகாரைச் சுவரில் ஓவியம் தீட்டுபவர், யானைத் தந்தத்தில் செதுக்குபவர், குயவர் என்று பரம்பரையாகத் தொழில் செய்தவர்களைக் கண்டார். மன்னர் காலத்தில் அவர்களுக்கு நிலம் இருந்தது. நிலத்துக்குப் பதிலாக அரண்மனைக்கும் கோவிலுக்கும் வேலை செய்தார்கள். 1815இல் கண்டி இராச்சியம் விழுந்ததும் அந்த ஏற்பாட்டின் தலை போயிற்று. பின்னர் இறக்குமதித் துணியும் தகரமும் மலிவாக வந்தபோது வாங்குவோரும் குறைந்தார்கள். ஆனந்தர் போன நேரத்தில் பல தொழில்களுக்குக் கடைசித் தலைமுறை மட்டுமே மிஞ்சியிருந்தது.

அங்கேதான் அவருடைய இரண்டாவது படிப்பு தொடங்கியது. அதற்குப் பாடசாலையும் இல்லை, பாடத்திட்டமும் இல்லை. கனிமம் படித்தவரின் பழக்கத்தையே கலைக்கும் கொண்டுவந்தார். முதலில் பொருளைக் கூர்ந்து பார்ப்பது. அது எதனால் செய்யப்பட்டது, எந்தக் கருவியால், எந்த வரிசையில் என்று செய்தவரிடமே கேட்பது. அந்தப் பொருளுக்கும் கோலத்துக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயரை அப்படியே குறித்துக்கொள்வது. பிறகு வரைந்து பார்ப்பது. கொடி, தாமரை இதழ், அன்னம் என ஒவ்வொரு வடிவமும் எதிலிருந்து பிறந்து எப்படி மாறுகிறது என்று வரிசைப்படுத்துவது. எதெல் அம்மையார் ஒளிப்படம் எடுத்தார். கைவினைஞரை வேடிக்கைப் பொருளாக வைக்காமல் ஆசிரியராக வைத்ததுதான் இந்தக் கல்வியின் உயிர்.

1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பழைய விகாரைகளையும் வளவுகளையும் இடித்துவிட்டு வெளிநாட்டுப் பாணியில் கட்டுவதை நிறுத்தி, நாட்டுக் கைவினைஞருக்கே வேலை கொடுங்கள் என்பது அதன் சாரம். அதே ஆண்டு இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் உருவாவதில் முன்னின்றார். உடையிலும் வீட்டிலும் ஐரோப்பியரைக் கண்மூடிப் பின்பற்றுவதை எதிர்த்தார். தாய்மொழியில் கல்வி வேண்டும் என்றார். வீட்டு அலங்காரம் அவருக்கு ஆடம்பர விடயம் அல்ல. வீட்டுக்குள் எந்தப் பொருளை வைக்கிறோம் என்பது யாருடைய கைக்குச் சோறு போடுகிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது என்ற பொருளாதாரக் கணக்கு அதில் இருந்தது.

இந்தச் சிந்தனைக்கு இங்கிலாந்தில் ஒரு முன்னோடி இருந்தார். அவர் வில்லியம் மொரிஸ். சுவர்த்தாள், திரைச்சீலை, தளபாடம், கம்பளம் என்று வீட்டுக்கு வேண்டிய யாவற்றையும் வடிவமைத்தவர். தையலையும் சாயமிடுதலையும் நெசவையும் ஒவ்வொன்றாகத் தானே கற்றார். வயது போன காலத்தில், 1891இல், கெல்ம்ஸ்கொட் அச்சகத்தைத் தொடங்கிப் புத்தகப் பக்கத்தையும் அதே அக்கறையோடு கட்டினார். விரித்து வைத்த இரண்டு பக்கங்களும் சேர்ந்துதான் ஓர் அலகு என்பது அவர் விதி. நடு ஓரம் மிகக் குறுகலாகவும், மேல் ஓரம் சற்று அகலமாகவும், வெளி ஓரம் அதிலும் அகலமாகவும், அடி ஓரம் எல்லாவற்றிலும் அகலமாகவும் இருக்க வேண்டும். எழுத்துக்கும் சொல்லுக்கும் வரிக்கும் நடுவே தேவைக்கு மேல் இடைவெளி கூடாது. இன்று இணையப் பக்கம் கட்டுகிறவர் முதலில் பழகும் ஓரம், இடைவெளி, எழுத்துரு, வரியகலம் எல்லாம் இந்தப் பழைய அச்சுக்கூடத்துக் கவலைகள்தான். தாள் போய்த் திரை வந்திருக்கிறது. வாசிப்பவரின் கண் மாறவில்லை.

மொரிஸ் 1896இல் இறந்தார். அவருடைய அச்சகமும் இரண்டு ஆண்டில் மூடப்பட்டது. அதன் அச்சியந்திரம் சி. ஆர். ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞரின் எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்துக்குப் போனது. 1907இல் ஆனந்தர் தம்பதியர் இங்கிலாந்து திரும்பியபோது, புரோட் கெம்டன் என்ற கிராமத்தில் பாழடைந்து கிடந்த ஒரு நோர்மன் காலத்துத் தேவாலயத்தை ஆஷ்பி அவர்களுக்காக வீடாக மாற்றிக் கொடுத்திருந்தார். பழைய கற்சுவரை இடிக்காமல், அதன் வடிவத்துக்குள்ளேயே வாழும் அறைகளை அமைத்த வேலை அது. எசெக்ஸ் ஹவுஸ் அச்சகமும் அந்த வீட்டுக்கே வந்தது.

அங்கே, மொரிஸ் சோசரின் கவிதைகளை அச்சிட்ட அதே யந்திரத்தில், ஆனந்தர் தன் நூலைத் தானே முன்னின்று அச்சிட்டார். 1907 செப்டெம்பரில் தொடங்கிய வேலை 1908 டிசெம்பரில் முடிந்தது. பதினைந்து மாதம், 425 பிரதிகள். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அந்த நூல், கண்டிக் கைவினைகளைப் பற்றி ஆராய்பவர் எவரும் இன்றும் முதலில் திறக்கும் புத்தகம். 1956இல் நியூயோர்க்கில் மறுபதிப்பும் கண்டது. புவிச்சரிதவியல் படித்த ஒருவர், எந்தக் கலைப் பட்டமும் இல்லாமல், முப்பத்தொரு வயதில் செய்த வேலை அது.

எதெல் அம்மையாரின் கதையும் இங்கே சேர்த்துச் சொல்லப்பட வேண்டியது. ஆனந்தரைப் பிரிந்த பிறகு அவர் தறியைப் பெரும்பாலும் தானாகவே கற்றார். தாவரச் சாயங்கள் பற்றி 1916இல் நூல் எழுதினார். எதெல் மைரே என்ற பெயரில் இருபதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கைநெசவுக்கு வழிகாட்டியானார். அந்நாட்டில் கைத்தொழில் வடிவமைப்பாளருக்கு வழங்கப்படும் உயர் கௌரவத்தைப் பெற்ற முதல் பெண் அவர். இலங்கையின் கைவினைஞர்களிடம் அவர் கண்டவை இந்தப் பயணத்தின் தொடக்கத்தில் இருக்கின்றன.

ஆனந்தர் பிறகு இந்தியாவில் சுற்றினார். ராஜபுத்திர ஓவியங்களைத் தேடிச் சேர்த்தார். முகலாய ஓவியத்திலிருந்து அது வேறான மரபு என்று நிறுவும் இரண்டு பாக நூலை 1916இல் வெளியிட்டார். தன் சேகரிப்பை இந்தியாவில் ஒரு தேசிய நூதனசாலைக்குக் கொடுக்க விரும்பினார். அதற்கு வேண்டிய பணத்தைப் போட அங்கே எவரும் முன்வரவில்லை. 1917இல் அந்தச் சேகரிப்பு அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை நூதனசாலைக்குப் போயிற்று. அவரும் அங்கேயே இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பாளரானார். அடுத்த முப்பது ஆண்டும் அங்குதான். 1918இல் வந்த சிவ நடனம் பற்றிய கட்டுரைத் தொகுதி நடராஜர் வடிவத்தை மேற்குலகம் பார்க்கும் விதத்தையே மாற்றியது. ஒளிப்படம் கலையல்ல என்று பலர் எண்ணிய காலத்தில், 1924இல், ஸ்டீகிலிட்ஸின் ஒளிப்படங்களை அந்த நூதனசாலைக்குள் கொண்டுவந்தவரும் அவரே. புதிய கருவி என்பதற்காக அவர் எதையும் ஒதுக்கவில்லை. செய்தவர் தெரிந்து செய்தாரா என்பதையே பார்த்தார்.

கலைஞன் என்பவன் தனிச் சாதி அல்ல, தன் தொழிலை ஒழுங்காகச் செய்யும் ஒவ்வொரு மனிதனும் ஒரு வகைக் கலைஞனே என்பது அவருடைய முதிர்ந்த கருத்து. 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி, எழுபது வயது நிறைந்த சில நாட்களில், மசசூசெற்ஸ் மாநிலத்தின் நீடம் நகரில் காலமானார்.

அவர் இறந்து அடுத்த ஆண்டு, 1948இல், இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். பின்னர் 1977இலும் 1983இலும் லயங்கள் எரிந்தன. தோட்டங்களிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள், அங்கே போட்ட கொட்டிலையும் போரில் இழந்தார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. வீட்டோடு சேர்ந்து ஒவ்வொரு வீட்டிலும் இருந்த பொருளும் போயிற்று. பெட்டி பின்னும் முறை தெரிந்த ஆச்சியும் சில இடங்களில் போய்விட்டார்.

இங்கே ஆனந்தரைப் பற்றி ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். அவர் மலைநாட்டில் திரிந்த காலத்தில் வட்டவளை வழியாகப் புகையிரதம் ஓடத் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டு ஆகியிருந்தது. தேயிலைத் தோட்டங்கள் நிறைந்திருந்தன. லயங்களில் நம் மக்கள் இருந்தார்கள். ஆனால் அவருடைய பெரும் நூலின் பொருள் கண்டிச் சிங்களக் கலை. லயத்தின் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்குள் பெண்கள் சாணி மெழுகிக் கோலமிட்டதும், காமன் கூத்துக்கு ஒப்பனை கட்டியதும் அதன் எல்லைக்குள் வரவில்லை. தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காகப் பின்னாளில் குரல் கொடுத்தவர் அவருடைய மைத்துனர் அருணாசலம். ஒரு தமிழர் சிங்களக் கலையை இவ்வளவு அன்போடு பதிந்தார் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. அந்த அன்பையும் முறையையும் நம்முடைய லயத்துக்கும் நம்முடைய பனைக்கும் நாமே காட்ட வேண்டிய கடமையும் அதோடு வருகிறது.

அதற்கு வழி அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது. பட்டத்துக்குக் காத்திருக்காதீர்கள். அருகில் உள்ள கைவினைஞரிடம் போய் உட்காருங்கள். பெயரைக் கேட்டு எழுதுங்கள், வரையுங்கள், படமெடுங்கள். கற்றதைக் கொண்டு ஒரு பக்கத்தை ஒழுங்காகக் கட்டுங்கள். ஆனந்தருக்கு யந்திரமும் வீடும் பதினைந்து மாதமும் 425 பிரதிகளும் தேவைப்பட்டன. இன்று ஒரு கைபேசி போதும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், எரிந்தவற்றுக்குப் பின்னும் தமிழ் எழுத்தைச் சேர்த்து வைக்க முடியும் என்று காட்டியிருக்கிறது. எழுத்துக்குச் செய்ததைக் கைத்தொழிலுக்கும் செய்யலாம்.

இணையப் பக்கம் கட்டத் தெரிந்த வட்டவளைப் பிள்ளை, தன் அம்மாயியின் கோலத்தை முதல் பக்கத்தில் வைத்தால் அது வெறும் அலங்காரம் அல்ல. எரிக்க முடியாத இடத்தில் ஒரு வீட்டைத் திரும்பக் கட்டும் வேலை அது.