பசியறிந்தவர்

திரையில் வாள் வீசிய எம்.ஜி.ஆரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. நான் எழுத விழைவது நம் தஞ்சைத் தரணியில் பசித்திருந்த ஒரு சிறுவனைப் பற்றி.

1917 ஜனவரி 17ஆம் நாள் இலங்கையில், கண்டிக்கு அருகிலுள்ள நாவலப்பிட்டியில் ம. கோ. இராமச்சந்திரன் பிறந்தார். தந்தை கோபால மேனன் மறைந்தபோது இவர் சின்னஞ்சிறு குழந்தை. தாய் சத்தியபாமா மைந்தர் இருவருடன் கும்பகோணத்தில் குடியேறினார். நெல் குவியும் சோழவள நாட்டிலே அந்தக் குடும்பத்துக்கு ஒருவேளைச் சோறும் அரிதாயிற்று. யானையடிப் பள்ளியில் சில காலமே படிப்பு. வயிறு நிறையட்டும் என்றே அண்ணன் சக்கரபாணியும் இவரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்க்கப்பட்டனர். 1936இல் 'சதிலீலாவதி' படம். பின்னர் வந்த புகழை நாடறியும்.

1977இல் முதலமைச்சரானார். 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு, பள்ளிக்கு வந்த பிள்ளைக்குக் கிடைத்தது. பள்ளி வயதை எட்டாத பிள்ளையின் பசி? 1982 ஜூலை 1ஆம் நாள் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டம், 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கும் குழந்தைகள் மையங்களில் சோறு போட்டது. கருவூலம் தாங்காது என்றனர் பலர். அவர் பின்வாங்கவில்லை, அவ்வாண்டே நகரங்களுக்கும் விரித்தார்.

எங்கள் அதிராம்பட்டினத்தில் உப்பள வேலைக்குப் போன என் பாட்டி, மூன்று வயது அம்மாவைப் பால்வாடியில் விட்டுவிட்டுத்தான் போவாராம். மத்தியானச் சோற்றுக் கவலையின்றி உப்பு வாரியதை இன்றும் சொல்வார். அம்மாவுக்கு மூத்த இருவர் இரண்டு வயதைத் தாண்டவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளான எனக்கு, விலங்கியல் படிக்கும்போதெல்லாம் அந்த இருவரின் நினைவே வருகிறது. மூளை விரைந்து வளர்வது முதல் இரண்டு ஆண்டுகளில் அல்லவா? அந்த வயதுக் குழந்தை பால்வாடிப் பந்தியில் உட்காராதே!

இதற்கும் அவர் ஆட்சியிலேயே ஒரு வழி காணப்பட்டது. 1980இல் மதுரை மாவட்டத்தில், உலக வங்கி உதவியுடன், ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு 90 நாள் கூடுதல் ஊட்டம்; தேறியதும் நிறுத்தம். எதை, எப்படி ஊட்டுவது என்று தாய்க்கும் சொல்லித் தந்தார்கள். சத்துணவை மேடைதோறும் போற்றுவோர் இந்தத் தராசை மறந்துவிடுகிறார்களே என்பது என் குறை.

1984இல் சத்துணவு 15 வயது வரை நீண்டது. 1987 டிசம்பர் 24ஆம் நாள் அவர் மறைந்தார். பிள்ளைகளின் தட்டில் முட்டை சேர்ந்தது 1989இல்.