போகெண்டார்ப்

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1796ஆம் ஆண்டில் பிறந்தவர் யோகான் கிறிஸ்தியன் போகெண்டார்ப். பிரெஞ்சுப் போர்களினால் தந்தையார் பெருஞ்செல்வத்தை இழந்தமையின், இளமையிலேயே மருந்துக்கடையொன்றில் தொழில் பயிலப் புகுந்தார். ஆயினும் அறிவியலில் அவருக்கிருந்த வேட்கை தணியவில்லை. 1820இல் பெர்லின் பல்கலைக்கழகத்தை அடைந்தார்.

அந்நாளில் மின்கலங்களின் வலிமையை ஒப்பிடுவோர்க்கு ஓர் இடர் இருந்தது. அளப்பதற்காகக் கலத்திலிருந்து மின்னோட்டத்தை எடுத்தாலே அதன் அழுத்தம் தாழ்ந்துவிடும். அளக்கும் செயலே அளக்கப்படுவதைக் குறைத்தால் உண்மை புலப்படுவதெங்ஙனம்? 1841இல் போகெண்டார்ப் இதற்கு வழி கண்டார். கலத்தின் அழுத்தத்திற்கு எதிராக, அதற்குச் சமமான வேறோர் அழுத்தத்தை நிறுத்தினார். இரண்டும் ஒத்த நிலையில் கலத்திலிருந்து மின்னோட்டம் சிறிதும் செல்லாது. கால்வனாமீட்டரின் முள் அசையாது.

இம்முறையின் வழிவந்ததே மின்னழுத்தமானி. அதன் ஒரே சீரான நீண்ட கம்பியில் மாறாத மின்னோட்டம் பாய்கிறது. டேனியல் கலத்திற்கு 300 சென்டிமீட்டரிலும் லெக்லாஞ்சிக் கலத்திற்கு 400 சென்டிமீட்டரிலும் முள் அசையாது நின்றால், அவற்றின் மின்னியக்கு விசைகள் 3க்கு 4 என்னும் விகிதத்தில் உள்ளன என்று அறியலாம்.

வேலூர், ஆம்பூர்ப் பகுதிகளில் தோல் பதனிடுவோர்க்கும் இது அயலான செய்தியன்று. குரோமியக் கரைசலின் புளிப்பு மிகினும் குறையினும் தோல் கெடும். அப்புளிப்பைக் காட்டும் பி.எச். மானியும், கண்ணாடி மின்முனையின் சிறு அழுத்தத்தை ஏறக்குறைய மின்னோட்டமே எடுக்காமல் அளப்பதாகும்.

போகெண்டார்ப் 1824 முதல் ‘அன்னாலன்’ என்னும் இயற்பியல் ஆய்விதழின் ஆசிரியராயிருந்து, 160 தொகுதிகளை வெளிக்கொணர்ந்தார். 1877இல் பெர்லினில் மறையும்வரை அப்பணியை அவர் கைவிட்டாரில்லை.