தூரத்து நிலக்கிழார்களும் மைக்கேல் டேவிட்டும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அயர்லாந்தில் நிலம் ஓரிடத்திலும் அதன் உடைமையாளர் வேறோரிடத்திலும் இருப்பது வழக்கமாக இருந்தது. பெருநிலக்கிழார்கள் பலர் லண்டனிலும் டப்ளினிலும் வாழ்ந்தனர். அவர்களுடைய காரியஸ்தர்கள் குத்தகையை வசூலித்து அனுப்பினர். பாக்கி வைத்த குடியானவரின் வீட்டை இடிக்க ஆணையிட்டவர், அக்குடும்பத்தின் முகத்தைக் கண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

மைக்கேல் டேவிட் 1846இல் மேயோ மாவட்டத்தின் ஸ்ட்ரெய்ட் என்னும் சிற்றூரில், பெரும்பஞ்ச காலத்தில் பிறந்தார். 1850இல் குத்தகை பாக்கிக்காக அவருடைய குடும்பம் வெளியேற்றப்பட்டது. பிழைப்புக்காக இங்கிலாந்தின் லங்காஷயருக்குச் சென்ற அக்குடும்பத்தின் சிறுவன், 11 வயதில் பருத்தி ஆலை இயந்திரத்தில் சிக்கி வலக்கையை இழந்தார். இளமையில் அயர்லாந்து விடுதலைக்கான ரகசிய இயக்கத்தில் சேர்ந்தார். ஆயுதம் அனுப்பிய வழக்கில் 1870இல் 15 ஆண்டுத் தண்டனை பெற்று, 1877இல் விடுவிக்கப்பட்டார்.

மேயோவுக்குத் திரும்பியவர், நிலப் பிரச்சினையை விடுத்து நாட்டு விடுதலை பேசுவதில் பொருளில்லை எனக் கண்டார். 1879 அக்டோபரில் நிலச் சங்கம் உருவானதில் முதன்மைப் பங்கு அவருடையது.

அச்சங்கத்தின் வலிமையை உலகறியச் செய்தது 1880ஆம் ஆண்டு நிகழ்வு. எர்ன் பிரபுவுக்கு மேயோவில் நிலம் இருந்தது. அவர் வாழ்ந்ததோ ஃபெர்மனாவில். அவருடைய காரியஸ்தர் சார்லஸ் பாய்காட் குடியானவர்களை வெளியேற்ற முயன்றபோது, கூலியாட்கள் வயலில் இறங்க மறுத்தனர். வேலையாட்கள் வீட்டை விட்டு நீங்கினர். கடைக்காரர்கள் பொருள் தர மறுத்தனர். அறுவடைக்கு வெளியூர் ஆட்களையும் அவர்களைக் காக்கப் படையினரையும் கொண்டுவர நேர்ந்தது. விளைச்சலின் மதிப்பைவிடச் செலவு பன்மடங்கு மிகுந்தது. புறக்கணிப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக அந்தக் காரியஸ்தரின் பெயரே நிலைத்துவிட்டது.

உழைக்கும் கரங்கள் விலகினால் தூரத்து உடைமை வெறும் காகிதம் என்பதே இதன் பாடம்.

1881ஆம் ஆண்டு நிலச் சட்டம் நியாயக் குத்தகைக்கு வழிசெய்தது. 1903ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகையாளர்கள் அரசுக் கடனில் நிலத்தை வாங்க வழிவகுத்தது. டேவிட் இதில் நிறைவடையவில்லை. நிலக்கிழார்களுக்குப் பெருந்தொகை கொடுப்பதை எதிர்த்த அவர், நிலம் நாட்டுடைமையாக வேண்டும் என்றார். அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. குத்தகையாளர் உடைமையாளராயினர், நிலமற்ற கூலிகள் பெரும்பாலும் கூலிகளாகவே நீடித்தனர். 1906இல் டப்ளினில் மறைந்த டேவிட், தாம் வெளியேற்றப்பட்ட ஸ்ட்ரெய்டிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அயர்லாந்தில் எளியோர் ஏந்திய புறக்கணிப்பு என்னும் ஆயுதம், இங்கே ஆதிக்கச் சாதியினரின் கையில் தலித்துகளுக்கு எதிராகத் திரும்பியிருக்கிறது. கூலி, கடை, தண்ணீர், பாதை அனைத்தும் மறுக்கப்படுகின்றன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக அறிவித்துள்ளது. ஆயினும் நிலம் யார் கையில் உள்ளதோ, அவர் கையிலேயே அந்த ஆயுதமும் இருக்கிறது. குத்தகையாளருக்கு நிலம் கிடைத்ததும் சீர்திருத்தம் முடிந்துவிட்டதாகக் கருதுவோர், வயலில் இறங்க மறுத்த அந்தக் கூலிகளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்க வேண்டும்.