அமெரிக்கக் கப்பலுக்குப் பெயர் தந்த ஹைதர் அலீ

அமெரிக்க விடுதலைப் போர் என்றால் நமக்கு ஜார்ஜ் வாஷிங்டன்தான் நினைவுக்கு வருவார். அந்தப் போரின் அலை கடம்பத்தூருக்குப் பக்கத்திலுள்ள பேரம்பாக்கம் வரை வந்து அடித்தது என்பது நம் வட்டாரத்திலேயே பலருக்குத் தெரியாது.

கோலார் அருகே பூதிக்கோட்டையில் பிறந்த ஹைதர் அலீ, சிறு வயதிலேயே தந்தையைப் போர்க்களத்தில் இழந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். 1755-இல் திண்டுக்கல் பௌஜ்தாராகி, பிரெஞ்சுக்காரர்களைக் கொண்டு அங்கே ஆயுதச்சாலை அமைத்தார். 1761-இல் மைசூரின் அதிகாரம் அவர் கைக்கு வந்தது. 1769-இல் சென்னையின் வாசலுக்கே வந்து ஆங்கிலேயரை உடன்படிக்கைக்குப் பணிய வைத்தார். ஆனால் மராட்டியர் மைசூரைத் தாக்கியபோது, வாக்களித்த உதவியை ஆங்கிலேயர் அனுப்பவில்லை. அதை அவர் மறக்கவே இல்லை.

1778-இல் பிரான்ஸ் அமெரிக்காவுடன் கைகோத்தது. பதிலுக்கு ஆங்கிலேயர் இங்கே பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியையும், மறு ஆண்டு மாஹேயையும் பிடித்தனர். ஹைதருக்கு ஆயுதம் வந்த துறைமுகம் மாஹே. 1780 ஜூலையில் அவர் பெரும்படையுடன் கணவாய் இறங்கினார்.

குண்டூரிலிருந்து வந்த கர்னல் பெய்லியின் படை கும்மிடிப்பூண்டியைத் தாண்டியதும், கொசஸ்தலையாற்று வெள்ளத்தில் ஒரு வாரத்துக்கும் மேல் முடங்கியது. செப்டம்பர் 6-இல் பேரம்பாக்கத்தில் திப்பு அதை மறித்தார். 10-ஆம் தேதி பொள்ளிலூரில் ஹைதரும் சேர்ந்துகொண்டார். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதற, பெய்லி சிறைப்பட்டார். காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோ உதவிக்குப் போய்ச் சேரவில்லை. பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார்.

இதை மார்க்கப் போராகச் சித்திரிப்பவர்களுக்கு ஒன்று சொல்வோம்: ஆற்காடு நவாப் முஹம்மத் அலீ ஆங்கிலேயர் பக்கமே நின்றார். எதிரிக்குத் தானியம் கிடைக்கக் கூடாதென்று ஹைதரின் குதிரைப்படை ஊர்களைக் கொளுத்தியது. எரிந்தவை நம் முன்னோரின் குடிசைகள். அவர் வீரத்தைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

அவர் அமெரிக்காவுக்காகப் போரிடவில்லை. ஆனாலும் அவர் பெயர் கடல் கடந்தது. பென்சில்வேனியாவின் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஹைதர் அலீ என்றே பெயரிட்டார்கள். 1782 ஏப்ரல் 8-இல் டெலவேர் விரிகுடாவில், ஜோஷுவா பார்னியின் தலைமையில், தன்னைவிட வலிமையான ஜெனரல் மங்க் என்ற ஆங்கிலேயக் கப்பலை அரை மணி நேரத்துக்குள் அது பிடித்தது.

அதே ஆண்டு நவம்பர் 30-இல் பாரிஸில் அமெரிக்காவும் பிரிட்டனும் முதற்கட்ட சமாதானத்தில் ஒப்பமிட்டன. ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 7-இல், சித்தூர் அருகே பாசறையில் ராஜபிளவை நோயால் ஹைதர் வஃபாத்தானார். 1783-இல் சமாதானச் செய்தி கிடைத்ததும் பிரெஞ்சுப் படை ஆயுதத்தைக் கீழே வைத்தது. 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை ஏற்படும்வரை திப்பு தனியாகவே நின்றார்.